கல்லறையில் நின்ற நால்வர்

பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தில், பம்புல்யா ஏரிக்கரையில், புனித பிரான்சிஸ் பெயரில் ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமேயர் வரைந்து கொடுத்து, 1943இல் கட்டி முடித்தார்கள். அலைபோல ஏறி இறங்கும் கான்கிரீட் கூரையும், பீடத்துக்குப் பின்னால் போர்ச்சினாரி தீட்டிய ஓவியமும் அந்த ஊர்ப் பேராயருக்குப் பிடிக்கவில்லை. அர்ச்சிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1959 வரை, 16 ஆண்டுகள், அந்தக் கட்டடம் அர்ச்சிப்பு இல்லாமலே நின்றது.

ஒரு கூரையின் வளைவுக்கே இத்தனை தயங்கிய ஊரில்தான், 1987இல் ஓர் எல்.பி. தட்டு வெளிவந்தது. அட்டையில் நான்கு இளைஞர்கள். முகத்தில் பிணத்தின் வெளுப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புச் சாயம், இடுப்பில் தோட்டா வார், முன்கையில் ஆணிகள் துருத்தி நிற்கும் தோல்பட்டை. நிற்கும் இடம் கல்லறைத் தோட்டம். குழுவின் பெயர் சார்கோஃபகோ, அதாவது கல்லால் ஆன சவப்பேழை. ஆல்பத்தின் பெயர் ‘ஐ.என்.ஆர்.ஐ.’ சிலுவையின் உச்சியில் சின்னப் பலகையில் எழுதியிருக்கும் அதே நான்கு எழுத்துகள்.

பிளாக் மெட்டல் என்றால் கேட்பவர் மனத்தில் வருவது நார்வே. பனி மூடிய காடு, மரத்தாலான பழைய தேவாலயம், எரியும் கூரை. அந்தப் படம் 1990களில் உருவானது. பத்திரிகைகளும் நீதிமன்றச் செய்திகளும் சேர்ந்து அதை உலகம் முழுக்கப் பரப்பின. ஆனால் அந்த இசையின் முகப்பூச்சிலும் வேகத்திலும் முரட்டுத்தனத்திலும் ஒரு பெரும்பங்கு வெயில் ஊரிலிருந்து போனது. அனுப்பியவர்கள் இருபது வயதை ஒட்டிய பையன்கள். பனியை அவர்கள் சினிமாவில் பார்த்திருந்தால் உண்டு.

பெலோ ஒரிசோன்ச்சி இருக்கும் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் பெயரே சுரங்கத்திலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளிலிருந்து வெட்டிய தங்கம் போர்ச்சுகல் அரசைச் செழிக்க வைத்தது. மிச்சம் உள்ளூர்த் தேவாலயங்களின் பீடங்களில் படிந்தது. ஓரோ பிரேத்தோ ஊரின் கோயில்களுக்குள் போனால் சுவரெல்லாம் பொன்முலாம். அலெய்ஜாதின்யோ என்று அழைக்கப்பட்ட சிற்பி அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா, தன் உடலை நோய் அரித்துக்கொண்டிருந்த காலத்தில் கொங்கோன்யாஸ் ஊரில் கிறிஸ்துவின் பாடுகளை ஆளுயர மரச்சிலைகளாகச் செதுக்கினார். கசையடி, முள்முடி, ஆணி, வழியும் ரத்தம். ஒன்றையும் மறைக்காத சிலைகள் அவை. கோயில் முற்றத்தில் 12 தீர்க்கதரிசிகளின் கற்சிலைகளை 1800க்கும் 1805க்கும் இடையில் நிறுத்தினார். மினாஸில் பிறந்த குழந்தை ரத்தம் வழியும் உடலைப் பார்த்துத்தான் கடவுளைத் தெரிந்துகொள்ளும். சார்கோஃபகோவின் படிமங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடுகிறவர்கள் இங்கிலாந்துக்கும் சுவீடனுக்கும் போகிறார்கள். பாதியாவது பக்கத்துக் கோயிலில் இருந்தது என்று தோன்றுகிறது.

பெலோ ஒரிசோன்ச்சி பழைய ஊர் இல்லை. பழைய தலைநகரான ஓரோ பிரேத்தோவின் குறுகிய மலைத்தெருக்கள் இனித் தலைநகருக்கு லாயக்கில்லை என்று முடிவு செய்து, நேர்கோட்டுத் தெருக்களோடு திட்டமிட்டுக் கட்டி 1897 டிசம்பரில் திறந்து வைத்த நகரம் அது. சுற்றிலும் இரும்புத்தாது மலைகள். கட்டுப்பாடான குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை, எச்சரிக்கையான அரசியல்வாதிகள் என்று மினாஸுக்கு ஒரு பெயர் உண்டு. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது முதல் துருப்புகள் கிளம்பியதும் இந்த மாநிலத்தின் ஜூயிஸ் ஜி ஃபோரா ஊரிலிருந்துதான். அந்த ஆட்சி 21 ஆண்டுகள் நீடித்தது. சார்கோஃபகோவின் பையன்கள் பிறந்ததும் பள்ளிக்கூடம் போனதும் அதற்குள்.

தணிக்கை கெடுபிடியாக இருந்த காலத்திலும் பிரேசில் முகத்தில் சாயம் பூசிக்கொள்ளத் தயங்கியதில்லை. ‘செக்கோஸ் இ மொல்யாதோஸ்’ குழு 1973இல் வெள்ளை, கறுப்பு முகப்பூச்சோடு வந்து நாட்டையே ஆட்டிவைத்தது. சினிமாவில் ஜோசே மொஜிக்கா மரின்ஸ் என்பவர் நீண்ட நகமும் கறுப்புத் தொப்பியுமாக ‘சவப்பெட்டி ஜோ’ என்ற பாத்திரத்தை 1964 முதல் நடித்துவந்தார். கடவுளை ஏளனம் செய்யும் வெட்டியான் அவன். தணிக்கையாளர்கள் அவரது படங்களைக் கத்தரித்துத் தள்ளினார்கள். பிறகு 1983 ஜூனில் அமெரிக்காவின் கிஸ் குழு பிரேசில் வந்தது. ரியோ, சாவோ பாவ்லோவோடு பெலோ ஒரிசோன்ச்சியின் மினெய்ராவ் கால்பந்து மைதானத்திலும் வாசித்தது. முகப்பூச்சோடு கிஸ் மேடையேறியது அந்தப் பயணத்தோடு முடிந்து, மீண்டும் 1996இல்தான் தொடர்ந்தது. இந்த மூன்றில் எது எவரை எவ்வளவு பாதித்தது என்று நிறுத்துப் பார்க்க முடியாது. சாயம் பூசிய முகம் அந்த ஊருக்குப் புதிதாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

திருப்புமுனை 1985 ஜனவரி. அந்த மாதம் 11ஆம் தேதி தொடங்கிப் பத்து நாள் நடந்த ராக் இன் ரியோ விழாவில் குயின், அயர்ன் மெய்டன், ஏசி/டிசி, ஆஸி ஆஸ்பர்ன், ஸ்கார்பியன்ஸ் எல்லோரும் வாசித்தார்கள். விழா நடந்துகொண்டிருந்த 15ஆம் தேதி, தேர்தல் குழு மினாஸ்காரரான தான்க்ரேதோ நேவெஸைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ராணுவ ஆட்சி முடிந்தது என்ற செய்தியும் கிடார் சத்தமும் ஒரே வாரத்தில் தொலைக்காட்சிக்கு வந்தன. நேவெஸ் பதவியேற்பதற்கு முன்பே நோயில் விழுந்து ஏப்ரலில் இறந்துபோனார். துணைத் தலைவர் சார்னே நாற்காலியில் அமர்ந்தார். பணவீக்கம் தலைவிரித்தாடியது; அடுத்த ஆண்டே மூன்று பூஜ்யங்களை வெட்டி எறிந்துவிட்டுப் புது நாணயம் அச்சடித்தார்கள். சுதந்திரம் வந்துவிட்டது, கையில் காசு இல்லை. பதினாறு வயதுப் பையனுக்கு மெட்டல் பிடித்துப்போக இதைவிடப் பொருத்தமான காலம் வாய்க்காது.

கேட்பதற்கு என்ன இருந்தது? வெளிநாட்டுத் தட்டுகள் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஒருவன் வாங்கினால் ஊரே கேசட்டில் பதிந்துகொள்ளும். அந்தப் பையன்கள் கூடிய இடம் கோகுமேலோ என்ற இசைத்தட்டுக் கடை. பெயருக்குக் காளான் என்று பொருள். 1980இல் திறந்தது. மற்ற கடைகள் சீண்டாத தட்டுகளைத் தேடி வரவழைத்ததால், பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அங்கேதான் நின்றார்கள்.

அங்கே கைமாறிய தட்டுகளில் இங்கிலாந்தின் வெனம் முதன்மையானது. நியூகாசில் பகுதியைச் சேர்ந்த மூவர், நீட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்துக்காகச் செய்த இரண்டாவது ஆல்பம் 1982இல் வந்தது. தலைப்பு ‘பிளாக் மெட்டல்’. பாடகர் குரோனோஸ் அந்த நிறுவனத்தின் ஸ்டுடியோவிலேயே எடுபிடியாக வேலை பார்த்தவர். இசை முரடு, பதிவு அதைவிட முரடு, சாத்தான் பேச்சு பெரும்பாலும் வேடிக்கை. ஆனால் அந்த வேடிக்கையை உண்மையென்று எடுத்துக்கொண்ட பையன்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். சுவீடனில் பாதரி, சுவிட்சர்லாந்தில் ஹெல்ஹாமர், ஜெர்மனியின் சுரங்கப் பகுதியில் சோடம், கலிஃபோர்னியாவில் ஸ்லேயர். இவை எல்லாம் அன்றைக்குத் தனித்தனிச் சாதிகளாகப் பிரிந்திருக்கவில்லை. திராஷ், பிளாக், டெத் என்ற வேலிகள் பின்னால் போடப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் அடுத்தடுத்துப் பதிந்து கேட்ட ஊரில் எல்லாம் கலந்த ஓர் இசை பிறந்ததில் வியப்பில்லை.

சாந்தா தெரேசா என்ற பேட்டையில் மாக்ஸ், இகோர் என்ற கவலேரா சகோதரர்கள் இருந்தார்கள். அப்பா இத்தாலியத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வசதி போய்விட்டது. அதே பேட்டையின் ஒரு தெருமுனையில் கூடிப் பாடியவர்கள்தான் மில்தோன் நசிமென்தோ, லோ போர்ஜெஸ் முதலானோர். ‘தெருமுனைச் சங்கம்’ என்று பொருள்படும் பெயரில் 1972இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் பிரேசில் இசையின் மென்மையான சிகரங்களில் ஒன்று. பிரேசிலின் மிக மென்மையான குரல்களில் ஒன்றும் மிகக் கரகரப்பான குரல்களில் ஒன்றும் ஒரே பேட்டையிலிருந்து வந்தன. இசை வரலாற்றுக்கு இப்படி விளையாட்டுப் புத்தி அவ்வப்போது வரும்.

சகோதரர்கள் 1984இல் தொடங்கிய குழு செபுல்டுரா. ஆரம்பத்தில் பாடியவர் வாக்னர் லமூனியே. 1985இல் பிணக்கு வந்து வெளியேறினார். அவர் எழுதிய ஒரு பாடலின் வரிகளை மட்டும் குழு வைத்துக்கொண்டது. ‘அந்திக்கிறிஸ்து’ என்ற அந்தப் பாடல் செபுல்டுராவின் முதல் பதிவான ‘பெஸ்டியல் டெவஸ்டேஷன்’ தட்டில் இருக்கிறது. அதே சொல்லை லமூனியே தன் மேடைப் பெயராகவும் சூட்டிக்கொண்டார்.

அந்த முதல் பதிவு வந்த விதம் சொல்லத்தக்கது. கடையாக இருந்த கோகுமேலோ 1985இல் தட்டு வெளியிடும் நிறுவனமாக மாறியது. முதல் வெளியீட்டில் ஒரு பக்கம் ஓவர்டோஸ், மறுபக்கம் செபுல்டுரா. ஓவர்டோஸ் ஓரளவு இனிமையான ஹெவி மெட்டல்; ஊரில் அவர்களுக்குத்தான் பெயர். செபுல்டுராவின் பக்கத்தை 1985 ஆகஸ்டில் ஜே.ஜி. ஸ்டுடியோவில் இரண்டே நாளில் பதிந்து முடித்தார்கள். டிரம்ஸ் வாசித்த இகோருக்கு அப்போது 15 வயது நிரம்பவில்லை. ஆங்கிலம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதிய வரிகள். இலக்கணம் நொண்டியது, ஆத்திரம் நொண்டவில்லை.

இதற்கிடையே லமூனியே சார்கோஃபகோவில் சேர்ந்திருந்தார். கிடாரில் புட்சர், பேஸில் இன்குபஸ் என்ற ஜெரால்தோ மினெல்லி, பிறகு டிரம்ஸுக்கு வந்து சேர்ந்த டி.டி. கிரேஸி. எல்லாம் மேடைப் பெயர்கள். குறிக்கோள் ஒன்றுதான்: இதுவரை யாரும் வாசிக்காத அளவுக்கு மூர்க்கமாக வாசிப்பது. 1986இல் கோகுமேலோ ‘வார்ஃபேர் நாய்ஸ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. சக்கால், முட்டிலேட்டர், ஹோலோகாஸ்டோ, சார்கோஃபகோ என்று நான்கு உள்ளூர்க் குழுக்கள். பெயர்களைப் படித்தாலே பையன்களின் மனநிலை விளங்கும். இதில் ஹோலோகாஸ்டோ வதைமுகாம் படிமங்களைக் கையாண்ட விதம் அன்றும் சர்ச்சை, இன்றும் சர்ச்சை. அதிர்ச்சி கொடுப்பதே குறி என்று இறங்கியவர்கள் எதை எடுக்கிறோம் என்று யோசித்த மாதிரி தெரியவில்லை.

அந்தத் தொகுப்பில் சார்கோஃபகோவின் பாடல்கள் மற்றவற்றிலிருந்து தள்ளி நின்றன. அடுத்த ஆண்டு முழு ஆல்பம்.

‘ஐ.என்.ஆர்.ஐ.’ 1987இல் வந்தது. ஒன்பது பாடல்கள். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் தடவை கேட்பவருக்கு, திருவிழாவில் உடைந்த குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி இருக்கும். இரண்டாம் தடவை கேட்டால் உள்ளே ஒழுங்கு இருப்பது தெரியும்.

திராஷ் கிடார் வாசிப்பவர் கம்பிகளை உள்ளங்கை விளிம்பால் அமுக்கிக்கொண்டு வெட்டி வெட்டி வாசிப்பார். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும், கால் தானாகத் தாளம் போடும். பிளாக் மெட்டல் கிடார் அமுக்காது. பிக்கை மேலும் கீழும் விடாமல் உரசிக்கொண்டே இருந்து, அடிகள் ஒன்றோடொன்று கரைந்து இரைச்சல் சுவராக எழும்பும். ‘ஐ.என்.ஆர்.ஐ.’யில் புட்சர் இந்த இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கிறார். ஒரு பாடலின் பெயரே ‘டெத்ராஷ்’. டெத்தையும் திராஷையும் ஒட்டவைத்த சொல். ‘நைட்மேர்’ மட்டும் நிதானமாகத் தொடங்கி, இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிறகு பாய்கிறது. ஆல்பத்தில் திரும்பத் திரும்பக் கேட்கத்தக்க இடம் அதுதான். லமூனியேவின் குரல் எதிரொலியில் முங்கி, உறுமலாகவும் அலறலாகவும் மாறி மாறி வருகிறது. வார்த்தை புரியாது. புரியாமல் போவதில் நஷ்டமும் இல்லை.

உண்மையான கண்டுபிடிப்பு டிரம்ஸில் இருக்கிறது. சிம்பலும் ஸ்நேரும் கால் டிரம்மும் மாறி மாறி, இடைவெளி காதுக்குப் பிடிபடாத வேகத்தில் அடிக்கும் முறைக்குப் பிளாஸ்ட் பீட் என்று பெயர். டி.டி. கிரேஸி அதைப் பாடலின் நடுவே ஒரு தூவலாகப் போடவில்லை. பாடலின் முதுகெலும்பாகவே வைத்தார். அதே 1987இல் இங்கிலாந்தின் நேப்பாம் டெத் குழுவும் ‘ஸ்கம்’ ஆல்பத்தில் இதைச் செய்தது. அமெரிக்காவின் ஹார்ட்கோர் பையன்கள் சிலர் அதற்கும் முன்னால் தொட்டிருந்தார்கள். ஆகவே முதலில் அடித்தது யார் என்ற வழக்கை இங்கே நடத்த வேண்டாம். சாத்தானும் கல்லறையும் பேசும் இசைக்குள் அந்த அடியை நிரந்தரமாகக் குடியேற்றியவர்களில் டி.டி. கிரேஸி முன்வரிசைக்காரர். நார்வேக்காரர்கள் 1990களில் வாசித்த வேகத்தின் விதை இங்கே கேட்கிறது. அவர் ஆட்டம் துல்லியமாக இருக்காது. சில இடங்களில் கிடாரும் டிரம்ஸும் தனித்தனி வழியில் ஓடிவிட்டு, முடிவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தத் தள்ளாட்டத்தைத் திருத்திப் பதிந்திருந்தால் ஆல்பம் செத்திருக்கும்.

சத்தம் இப்படி அமைந்ததற்கு வறுமையும் காரணம். இறக்குமதிக் கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் அந்தப் பையன்களுக்கு எட்டாத விலை. உள்ளூர்த் தயாரிப்பையும் இரவல் கருவியையும் வைத்துச் சமாளித்தார்கள். இந்த இசையைப் பதிந்து பழகிய ஆட்களும் ஊரில் இல்லை. செபுல்டுரா தன் ‘ஸ்கிசோஃபிரீனியா’ ஆல்பத்தைப் பதிந்ததும் அதே 1987இல்தான், அதே ஊரில்தான். சாவோ பாவ்லோவிலிருந்து வந்த கிடார் கலைஞர் ஆந்திரியாஸ் கிசர் சேர்ந்ததும் அந்தக் குழு சுத்தமான, கணக்குப் பிசகாத திராஷை நோக்கித் திரும்பியது. இரண்டு தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பாதை பிரிந்த இடம் தெளிவாகத் தெரியும். ஒரு குழு மேலே போகப் படித்துக்கொண்டிருந்தது; மற்றது அடியாழத்தில் என்ன இருக்கிறது என்று தோண்டிக்கொண்டிருந்தது.

பாடல்வரிகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை விடலைப் பையன்களின் தேவதூஷணம். ‘கன்னியின் களங்கம்’ என்று பொருள்படும் தலைப்பு ஒன்று போதும், பெண்ணைப் பற்றிய பார்வை எத்தகையது என்று காட்ட. மதத்தை எதிர்க்கிற பாட்டு அந்த மதத்தின் ஆணாதிக்கத்தை மட்டும் அப்படியே மடியில் கட்டிக்கொண்டது. ரசிகர்கள் இதை ‘அந்தக் காலம்’ என்று சொல்லிக் கடந்துபோவதுண்டு. அந்தக் காலத்திலும் பிரேசிலில் பெண்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இசையின் துணிச்சலை ஒப்புக்கொள்வதற்கு வரிகளின் சிறுபிள்ளைத்தனத்தை மூடிமறைக்க வேண்டியதில்லை.

தட்டு ஊரைத் தாண்டிப் போனது தபாலில். இணையம் வராத அந்நாளில் மெட்டல் ரசிகர்களுக்கு ஒரு ரகசிய அஞ்சல் சாம்ராஜ்யம் இருந்தது. கேசட்டுகளைப் பொதிந்து அனுப்புவார்கள். பதிலுக்கு வேறு கேசட் வரும். முத்திரை ஒட்டாதபடி தபால்தலையின் மேல் பசை தடவி அனுப்பி, வாங்கியவர் கழுவித் திருப்பி அனுப்ப, அதையே மறுபடி ஒட்டுவது இந்த வட்டத்தில் எல்லா நாட்டிலும் நடந்த தில்லுமுல்லு. கையால் வெட்டி ஒட்டி ஜெராக்ஸ் எடுத்த ரசிகர் இதழ்களான ஃபேன்சின்கள் விலாசங்களைச் சுமந்து திரிந்தன. நார்வேயிலிருந்து 1985 முதல் வந்த ‘ஸ்லேயர்’ என்ற ஃபேன்சின் அவற்றில் பேர்போனது.

அந்த நார்வேயில் மேஹெம் என்ற குழுவின் கிடார் கலைஞர் ஓய்ஸ்டைன் ஆர்செத், மேடைப் பெயர் யூரோனிமஸ், லமூனியேவோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். மேஹெமின் முதல் தட்டான ‘டெத்கிரஷ்’ வந்ததும் 1987இல்தான். வெறும் 1,000 பிரதி. ஆர்செத்துக்குச் சார்கோஃபகோ மேல் வெறித்தனமான ஈடுபாடு. ஆணியும் தோட்டா வாரும் பிணப்பூச்சும் அவரை ஆட்டிப்படைத்தன. பிளாக் மெட்டல் வாசிக்கும் எல்லாக் குழுவும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மேஹெமில் 1988இல் சேர்ந்த சுவீடன் பாடகர் டெட், பிணப்பூச்சைத் தன் மரண ஆசையின் உடையாகவே அணிந்தார். கிஸ்ஸும் பாடகர் கிங் டைமண்டும் போட்ட வேஷம் நார்வேயில் தீட்சையாக மாறியது. அந்த மாற்றத்துக்கு முன்மாதிரியாகக் கையில் இருந்த படங்களில் மினாஸ் கல்லறைப் படமும் ஒன்று.

பிறகு நடந்தது ஊரறிந்தது. டெட் 1991 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் 1992 ஜூனில் எரிந்தது. வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் ஆர்செத்தை இன்னொரு இசைக்கலைஞரான வர்க் விக்கர்னெஸ் கத்தியால் குத்திக் கொன்றார்.

ஒரே வேஷம் ஏன் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக முடிந்தது? பிரேசில் பையன்கள் சிலுவையைத் திட்டியதற்குப் பின்னால் வீட்டிலும் பள்ளியிலும் அவர்களைத் துரத்திய ஒரு திருச்சபை இருந்தது. முகத்துக்கு நேரே எதிரி நின்றதால் கத்தித் தீர்த்தார்கள்; சண்டை தட்டிலும் மேடையிலும் நடந்தது. நார்வேயின் லுத்தரன் சபை 1990களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமைகூட எட்டிப்பார்க்காத அரசுத்துறை போல ஆகியிருந்தது. அங்கே எதிரியைக் கொள்கையாகக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. கட்டியவர்கள் தீக்குச்சியையும் கையில் எடுத்தார்கள். இது ஒரு கணிப்புத்தான், நிரூபணம் இல்லை. ஆனாலும் ஒரே சாயம் இரண்டு ஊரில் இரண்டு விதமாகக் காய்ந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் கண்ணில் படவில்லை.

சார்கோஃபகோ அந்த வடிவில் நீடிக்கவில்லை. ஆல்பம் வந்த கையோடு புட்சரும் டி.டி. கிரேஸியும் விலகினார்கள். லமூனியேவும் மினெல்லியும் தொடர்ந்தார்கள். 1989இல் வந்த ‘ராட்டிங்’ தட்டில் பாடல்கள் நீண்டன. 1991இல் ‘தி லாஸ் ஆஃப் ஸ்கர்ஜ்’ ஆல்பத்தில் நுட்பம் கூடிய டெத் மெட்டலுக்குப் போனார்கள். பதிவும் சுத்தமாக இருந்தது. வாசிப்புத் திறமையை வைத்துப் பார்த்தால் அதுதான் அவர்களின் சிறந்த ஆல்பம் என்று வாதாட முடியும். 1994இல் வந்த ‘ஹேட்’டில் டிரம்ஸ் கலைஞரே இல்லை, இயந்திரம் அடித்தது. பிளாஸ்ட் பீட்டை மனிதக் கையால் முன்னுக்குக் கொண்டுவந்த குழு அதையே இயந்திரத்திடம் ஒப்படைத்ததை ரசிகர்கள் பலர் இன்னும் மன்னிக்கவில்லை. 2000இல் ‘கிரஸ்ட்’ என்ற சிறுதட்டோடு கதை முடிந்தது.

செபுல்டுராவின் கதை வேறு. ரோட்ரன்னர் நிறுவனம் அவர்களை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. ‘பினீத் தி ரிமெய்ன்ஸ்’ 1989இல், ‘அரைஸ்’ 1991இல், ஷவான்தே பழங்குடியினரோடு சேர்ந்து பதிந்த பகுதி கொண்ட ‘ரூட்ஸ்’ 1996இல். பிரேசிலின் மிகப் புகழ்பெற்ற மெட்டல் குழு அதுதான், சந்தேகமில்லை. லமூனியேவுக்கும் பழைய தோழர்களுக்கும் இடையிலான கசப்பு ஆண்டுக்கணக்கில் பேட்டிகளில் வழிந்தது. புகழ் ஒரு பக்கம் போனது, செல்வாக்கு இன்னொரு பக்கம் போனது. நார்வேயின் சட்டிரிகான் குழு 1999இல் ‘ஐ.என்.ஆர்.ஐ.’ பாடலைத் தானே வாசித்து வெளியிட்டது. கனடாவின் பிளாஸ்பெமி, பின்லாந்தின் பெஹெரிட் என்று ‘வார் மெட்டல்’ வகையின் முன்னோடிகளைக் கேட்டாலும், சுவீடனின் நிஃபெல்ஹெய்ம் அணியும் ராட்சத ஆணிகளைப் பார்த்தாலும் மினாஸின் வாடை அடிக்கிறது. நார்வேயின் ஔரா நோயர் 1996இல் ஓர் ஆல்பத்துக்குப் ‘பிளாக் திராஷ் அட்டாக்’ என்றே பெயர் வைத்தபோது, பெலோ ஒரிசோன்ச்சியில் பெயரில்லாமல் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்ட கலப்புக்கு முத்திரை குத்தப்பட்டது.

கவலேரா சகோதரர்கள் 2023இல் செபுல்டுராவின் பழைய தட்டுகளான ‘பெஸ்டியல் டெவஸ்டேஷன்’, ‘மார்பிட் விஷன்ஸ்’ இரண்டையும் இன்றைய கருவிகளோடு மறுபடி பதிந்தார்கள். ஒலி பிரமாதம். பழைய தட்டுகளின் பயம் மட்டும் அதில் இல்லை. சார்கோஃபகோ அந்த வழிக்கே போகவில்லை. அந்திக்கிறிஸ்து என்று பெயர் சூட்டிக்கொண்டு கல்லறையில் நின்ற லமூனியே பொருளியல் படித்தார். மினாஸ் ஜெராய்ஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இந்த இசைக்குப் புதியவர்கள் நார்வேயிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் வெனத்தின் ‘பிளாக் மெட்டல்’, அடுத்து செபுல்டுராவின் ‘பெஸ்டியல் டெவஸ்டேஷன்’, மூன்றாவதாக ‘ஐ.என்.ஆர்.ஐ.’, அதன் பிறகு ‘டெத்கிரஷ்’ என்ற வரிசையில் கேளுங்கள். நான்கும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘நைட்மேர்’ வரும்போது மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள்.